அயர்லாந்து வீடுகளின் பழமொழிகள்: அடுப்படியில் பிறந்த பேச்சு

டப்ளின் நகரில் செயின்ட் பேட்ரிக் பேராலயத்துக்குள் ஒரு பழைய மரக்கதவைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அதன் நடுவில் ஒரு பலகை இல்லை. கை நுழையும் அளவுக்கு ஓட்டை. 1492இல் அயர்லாந்தின் இரு பெரும் குடும்பங்களான ஃபிட்ஸ்ஜெரால்டுகளும் பட்லர்களும் மோதிக்கொண்டபோது, பட்லர் ஆட்கள் இந்தப் பேராலயத்தின் உள்ளறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கில்டேர் பிரபு ஜெரால்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் வெளியே நின்று சமாதானம் பேசினார். உள்ளே இருந்தவர்களுக்கு நம்பிக்கை வரவில்லை. வெளியே தலை நீட்டினால் வெட்டிவிடுவார்கள் என்று பயந்தார்கள். கடைசியில் பிரபு கதவில் ஓட்டை போடச் சொல்லி, தன் கையை உள்ளே நீட்டினார். வெட்டுவதானால் முதலில் என் கையை வெட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லாமல் சொன்னார். சர் ஜேம்ஸ் பட்லர் அந்தக் கையைப் பற்றிக் குலுக்கினார், சண்டை ஓய்ந்தது. பேராலயத்தில் சொல்லப்படும் கதை இது.

அயர்லாந்துக் குடும்பங்களில் 'சான்ஸ் யுவர் ஆர்ம்', அதாவது 'கையைப் பணயம் வை' என்றொரு வழக்கு உண்டு. துணிந்து இறங்கிப் பார், போனால் போகட்டும் என்று பிள்ளைகளிடம் சொல்வது. அது இந்தக் கதவிலிருந்து வந்தது என்பார்கள். ஆனால் எழுத்தில் அந்தச் சொற்றொடர் தென்படுவதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான், அதுவும் படைவீரர்களும் தையற்காரர்களும் பேசிய கொச்சையில். நடுவே ஏறக்குறைய 400 ஆண்டுகள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. கதவு தனியாகவும் சொல் தனியாகவும் இருந்திருக்கின்றன, பிற்காலத்தில் யாரோ இரண்டையும் முடிச்சுப் போட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இதே ரகம்தான். எப்பாடு பட்டாவது என்ற பொருளில் வரும் 'பை ஹுக் ஆர் பை குரூக்'. வெக்ஸ்போர்டில் ஹுக் முனை இருக்கிறது, வளைகுடாவுக்கு எதிர்க்கரையில் வாட்டர்போர்டில் குரூக் என்ற ஊர் இருக்கிறது. வாட்டர்போர்டைப் பிடிக்க வந்த ஆங்கிலத் தளபதி கிராம்வெல், ஹுக் வழியாகவோ குரூக் வழியாகவோ நுழைந்தே தீருவேன் என்றாராம். 1170இல் வந்த நார்மன் தளபதி ஸ்ட்ராங்போ சொன்னது என்பவர்களும் உண்டு. ஊர்களின் பெயர் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும்போது யாருக்குத்தான் நம்பத் தோன்றாது? ஆனால் 1380ஐ ஒட்டி இங்கிலாந்தில் சமயச் சீர்திருத்தவாதி ஜான் விக்ளிஃப் பெயரில் வழங்கும் எழுத்துகளிலேயே இந்தத் தொடர் வந்துவிடுகிறது. கிராம்வெல் அயர்லாந்தில் கால் வைத்தது 1649இல்.

அயர்லாந்துப் பழமொழிகளின் மூலத்தைத் தேடுகிறவர்கள் திரும்பத் திரும்ப இப்படித்தான் கோட்டைக்கும் தளபதிக்கும் போய்விடுகிறார்கள். உண்மையில் தேட வேண்டிய இடம் வீட்டு அடுப்படி, மாட்டுக் கொட்டில், உருளைக்கிழங்குப் பாத்தி. அங்கே கிடைப்பவற்றில் பெரிய மனிதர்கள் அவ்வளவாக இல்லை. ஆனால் சொல்லும் வாழ்க்கையும் அங்கேதான் ஒட்டி நிற்கின்றன.

பிரபுக் குடும்பங்களின் சொற்களுக்கும் ஒரு வரலாறு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபிட்ஸ்ஜெரால்டுகளின் போர்முழக்கம் 'க்ரோம் அபூ'. லிமரிக் பகுதியில் இருந்த அவர்களுடைய க்ரோம் கோட்டையின் பெயரைச் சொல்லி எழுப்பிய வெற்றிக் கூச்சல். எதிரிகள் 'பட்லர் அபூ' என்று கத்தினார்கள். இரு குடும்பங்களும் நார்மன் படையெடுப்போடு வந்து குடியேறியவர்கள். ஆனாலும் சண்டையில் கத்தியது ஐரிஷ் மொழியில். இந்தக் கூச்சல்கள் எவ்வளவு ரத்தம் சிந்த வைத்தன என்றால், 1494–95இல் இங்கிலாந்து அரசரின் பிரதிநிதி சர் எட்வர்ட் பாய்னிங்ஸ் கூட்டிய நாடாளுமன்றம் இவற்றைப் பெயர் சொல்லியே தடை செய்தது. இனிமேல் புனித ஜார்ஜ் பெயரையோ இங்கிலாந்து அரசர் பெயரையோ மட்டும்தான் கத்த வேண்டும் என்று உத்தரவு. கதவில் கை நீட்டிய கதைக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து நடந்தது இது. தடையைத் தாண்டி 'க்ரோம் அபூ' பிழைத்துக்கொண்டது; ஃபிட்ஸ்ஜெரால்டு வம்சத்தின் குலமொழியாக இன்றும் அவர்களுடைய சின்னத்தில் இருக்கிறது. பரிசுக்கடைகளில் குடும்பப் பெயரோடு சேர்த்து விற்கும் குலமொழிகள் இந்த வகையைச் சேர்ந்தவை. ஆனால் பிள்ளையை அதட்டும்போது ஒரு தாய் க்ரோம் அபூ என்று சொல்லியிருக்க மாட்டாள்.

தாய்மார்கள் என்ன சொன்னார்கள் என்பது நமக்குத் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான். 1935இல் அயர்லாந்து அரசு நாட்டார் வழக்காற்று ஆணையம் ஒன்றை அமைத்தது. ஷேமஸ் ஓ டிலார்கா அதன் இயக்குநர். ஊர் ஊராகப் போய்ச் சேகரிக்கப் போதிய ஆட்கள் இல்லை. அப்போது எடுத்த முடிவு அபாரமானது: 1937 முதல் 1939 வரை, 26 மாவட்டங்களின் தொடக்கப்பள்ளிகளில் மேல்வகுப்புப் பிள்ளைகள் கட்டுரை எழுதும் நேரத்தில், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டதை எழுத வேண்டும். வயது 11 முதல் 14 வரை. தலைப்புகளை ஒரு சிறு கையேடாக அச்சிட்டு ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். கைமருந்து, வானிலைக் குறி, உள்ளூர்க் கிணறுகள், பேய்க்கதை என்று நீளும் அந்தப் பட்டியலில் பழமொழியும் ஒன்று.

சுமார் 5,000 பள்ளிகளிலிருந்து 50,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். இன்று அது டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் இருக்கும் தேசிய நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பின் ஒரு பகுதி, ஏறத்தாழ 7,40,000 பக்கங்கள். 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அந்தத் தொகுப்பு சேர்ந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பக்கங்களை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நான் மிகவும் மதிப்பது என்னவென்றால், பல பக்கங்களில் சொன்னவரின் பெயர், ஊர், வயது எல்லாம் குழந்தைக் கையெழுத்தில் இருக்கிறது. 1937இல் எண்பது வயதான ஒரு பாட்டி, 1845இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தைப் பார்த்தவர்களின் மகள். அவள் வாயிலிருந்து நேரே பேரப்பிள்ளையின் நோட்டுக்கு வந்த வாக்கியம் அது.

சரி, அந்த வீடுகளுக்குள் போவோம். அயர்லாந்தில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பழமொழி 'நீல் ஏன் டின்டான் மர் ட ஹின்டான் ஃபேன்': உன் சொந்த அடுப்படிக்கு நிகரான அடுப்படி வேறில்லை. இதை 'நம் வீடு போல வருமா' என்று மட்டும் எடுத்துக்கொண்டால் பாதிதான் கையில் வரும். அந்தக் காலத்துக் கிராம வீட்டில் அடுப்பு என்பது சமைத்த பிறகு அணைக்கும் நெருப்பு அல்ல. சதுப்பு நிலத்திலிருந்து வெட்டி, வெயிலில் அடுக்கிக் காயவைத்த கரிமண் கட்டிகள்தான் எரிபொருள்; டர்ஃப் என்பார்கள். புகைந்து புகைந்து நின்று எரியும். சமையல், வெளிச்சம், துணி உலர்த்துவது, விருந்தாளியை உட்கார வைப்பது, இரவில் கதை கேட்பது எல்லாமே அதைச் சுற்றித்தான்.

இரவு படுக்கப்போகும் முன் வீட்டுப்பெண் எரியும் கங்குகளை ஒன்றாகக் கூட்டி, மேலே சாம்பலைப் போட்டு மெத்தென்று மூடுவாள். காற்றுப் படாமல் உள்ளே கங்கு உயிரோடு இருக்கும். மூடும்போது ஒரு ஜெபம்: கிறிஸ்து எல்லாரையும் காப்பதுபோல நான் இந்த நெருப்பைக் காக்கிறேன், வீட்டின் இரு முனையிலும் புனித பிரிஜித், நடுவில் மரியாள். காலையில் சாம்பலை விலக்கி, புதுக் கட்டி இரண்டைச் சாய்த்து வைத்து ஊதினால் நெருப்பு எழுந்துவிடும். இப்படியே தலைமுறை தலைமுறையாக அணையாமல் வந்த நெருப்பு என்று பெருமை பேசிய குடும்பங்கள் உண்டு. மகன் தனிக்குடித்தனம் போனால் பெற்றோர் அடுப்பிலிருந்து கங்கு எடுத்துப் போய்த்தான் புது அடுப்பு மூட்டுவது வழக்கம். மே முதல் தேதி அன்று மட்டும் யாருக்கும் நெருப்பு கொடுக்க மாட்டார்கள், சாம்பலைக்கூட வெளியே கொட்ட மாட்டார்கள். வீட்டின் அதிர்ஷ்டம் அதோடு போய்விடும் என்ற பயம். இந்தப் பின்னணியில் 'உன் சொந்த அடுப்படி' என்பதைக் கேட்டுப் பாருங்கள். நிலச்சுவான்தார்கள் குடியானவர்களை வெளியேற்றியபோது, பல இடங்களில் அடுப்பு நெருப்பை அணைத்துவிட்டுத்தான் கதவை அடைத்தார்கள். அந்த வீட்டில் இனி உனக்கு உரிமை இல்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது.

அடுப்புக்கு அடுத்தது மாடு. 'இஸ் ஃபார் அன் ட்லான்டே நா ந டான்டே' என்றால், மந்தை மந்தையாக மாடு இருப்பதைவிட உடல்நலம் மேல் என்று அர்த்தம். இன்றைய நகரத்துப் பேத்தி இதை 'பணத்தைவிட உடம்பு முக்கியம்' என்று சொல்லிக்கொள்கிறாள். பழைய அயர்லாந்தில் மாடுதான் பணம். ஏழு, எட்டாம் நூற்றாண்டுச் சட்ட நூல்கள் அபராதத்தையும் ஒருவரின் மான மதிப்பையும் கறவைமாட்டுக் கணக்கில் சொல்கின்றன. அந்த நாட்டின் பழம்பெரும் காவியமே ஆநிரை கவர்ந்த போரைப் பற்றியது. ஆகவே இந்தப் பழமொழி முதலில் புழங்கியபோது மந்தை என்பது நேராகவே செல்வம்.

எழுத்தில் இருக்கும் மிகப் பழைய அடுக்கு ஒன்பதாம் நூற்றாண்டுத் தொகுப்பான அயர்லாந்தின் மும்மொழிகள். எதையும் மூன்று மூன்றாகச் சொல்லும் வடிவம் அது. ஜெர்மானிய அறிஞர் குனோ மேயர் 1906இல் அதைப் பதிப்பித்தார். அதில் ஒன்றைப் படித்ததும் மனதில் ஒட்டிக்கொள்கிறது: உலகத்தைத் தாங்கும் மூன்று மெல்லியவை எவை? பசுவின் மடியிலிருந்து பாத்திரத்தில் இறங்கும் மெல்லிய பால்தாரை, தரையில் எழும் மெல்லிய பயிர்த்தாள், கைதேர்ந்த பெண்ணின் கைமேல் ஓடும் மெல்லிய நூல். எழுதியவர்கள் படித்த ஆண்கள். ஆனாலும் உலகத்தைத் தாங்குவது எது என்று கேட்டால் மன்னனையோ வாளையோ காட்டவில்லை. இதே மும்மை வடிவம் ஆயிரம் ஆண்டு தாண்டியும் வாய்மொழியில் ஓடியது. நம்பக் கூடாத மூன்று: மாட்டின் கொம்பு, குதிரையின் குளம்பு, ஆங்கிலேயனின் சிரிப்பு. அச்சு பழையது, அதில் வார்த்தது பிற்கால ஆட்சியின் கசப்பு.

கல்யாணப் பழமொழிகளுக்கு வந்தால் நிலம் உள்ளே வந்துவிடும். 'மலைக்காரப் பெண்ணைக் கட்டினால் மலையையே கட்டிக்கொள்வாய்' என்பது மாப்பிள்ளை வீட்டார் எச்சரிக்கை. அவளோடு அவள் சொந்தபந்தம் முழுவதும் வந்து சேரும். 'உன்னைப் புகழ வேண்டுமா, செத்துப்போ. உன்னைத் திட்ட வேண்டுமா, கல்யாணம் பண்ணு' என்பது இன்னொன்று. வேடிக்கையாகத் தெரிந்தாலும் இதற்குப் பின்னால் கறாரான கணக்கு இருந்தது. பஞ்சத்துக்குப் பிறகு நிலத்தைப் பிள்ளைகளுக்குள் துண்டு போடும் வழக்கம் குறைந்து, ஒரே மகனுக்கு முழுப் பண்ணையும் என்றானது. அவன் கட்டும் பெண் சீதனத்தோடு வர வேண்டும். அந்தச் சீதனப் பணத்தைக் கொண்டு அவனுடைய தங்கையைக் கரையேற்றுவார்கள், மிச்சப் பிள்ளைகளுக்குக் கப்பல் டிக்கெட். தரகர் வந்து பேசி, மாடு எண்ணி, நிலம் நடந்து பார்த்த பிறகே சம்மதம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் அதற்கு முந்தைய வாரங்களில் அவசர அவசரமாக நடக்கும். அதற்குள் முடியாதவர்களின் முதுகில், தவக்காலத்து முதல் ஞாயிறன்று கோயிலுக்குப் போகும் வழியில் சிறுவர்கள் சுண்ணக்கட்டியால் கோடு போடுவார்கள். அந்த நாளுக்கே சுண்ணக்கட்டி ஞாயிறு என்று பெயர். இப்படிப் பார்த்தால் கல்யாணப் பழமொழிகளில் காதல் அபூர்வமாக வருவதில் வியப்பில்லை. வரும் ஒன்றும், காதலுக்கு மருந்து கல்யாணம்தான் என்கிறது.

இனி உருளைக்கிழங்கு. 1845க்கு முன் ஒரு கூலிக்குடும்பத்தின் சாப்பாட்டு நேரம் இப்படித்தான் இருக்கும்: இரும்புப் பானையில் தோலோடு வெந்த கிழங்கை, பானை வாய்மேல் வைத்த பிரம்புக்கூடையில் கொட்டித் தண்ணீர் வடிப்பார்கள். கூடைதான் மேசை, தட்டு எல்லாம். சுற்றி உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் தோலை உரித்து, உப்புநீரில் தொட்டுச் சாப்பிட வேண்டும். இருந்தால் மோர். வளர்ந்த ஆண் ஒருவர் நாளைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் தின்றதாகக் கணக்கு. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கினர் இதையே நம்பி இருந்தார்கள். அந்தக் கூடையைச் சுற்றிப் பிறந்ததுதான் 'கிழங்கும் காட்டலும்' என்ற வழக்கு. கூரையிலிருந்து ஒரு உப்புக்கண்டமோ காய்ந்த ஹெரிங் மீனோ தொங்கும். அதை எடுத்துச் சாப்பிட முடியாது, ஒன்றுதான் இருக்கிறது. ஆளாளுக்குக் கிழங்கை அதன் பக்கமாகக் காட்டிவிட்டு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். 'இன்றைக்கு என்ன சாப்பாடு?' 'கிழங்கும் காட்டலும்.' பசியைப் பிள்ளைகள் அழாமல் கடக்க ஒரு வீடு கண்டுபிடித்த சிரிப்பு அது. பழைய கிழங்கு தீர்ந்து புதுக்கிழங்கு வருமுன் உள்ள மாதத்துக்கு 'பசி ஜூலை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். 'பசிதான் நல்ல குழம்பு' என்ற பழமொழியும் அங்கே சர்வசாதாரணம். அதை சாக்ரடீஸ் சொன்னதாக ரோமானிய எழுத்தாளர் சிசரோவே எழுதியிருக்கிறார், அதனால் அயர்லாந்து மட்டும் உரிமை கொண்டாட முடியாது. ஆனால் கிழங்கும் காட்டலும் போன்ற பேச்சு அந்த மண்ணில்தான் வேர் விட முடியும்.

1845இல் பயிரில் கருகல் நோய் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், அதே அளவுக்கும் மேலானோர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1841 கணக்கெடுப்பில் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை 1851இல் 65 லட்சமாகக் குறைந்தது. 'நீ ஹிகன் அன் சாஹ் அன் ஷாங்', வயிறு நிறைந்தவனுக்கு ஒட்டிய வயிறு புரியாது. ஐரோப்பாவின் பிற மொழிகளிலும் இதன் சாயல் இருக்கிறது. ஆனால் பஞ்ச காலத்தில் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் ஏற்றுமதியானதைக் கண்ணால் பார்த்த மக்களின் வாயில் அது பொதுவான ஞானமாக இல்லை, நேரடிக் குற்றச்சாட்டாக ஆனது.

குடும்பப் பேச்சில் பஞ்சம் விட்டுப்போன வடு இன்னொன்று உண்டு. அதை இந்தக் கட்டுரையில் நின்று பார்க்க விரும்புகிறேன். 'அவர்கள் சூப் வாங்கியவர்கள்.' ஒரு குடும்பத்தைப் பற்றி இப்படிச் சொன்னால், அவர்களுடைய கொள்ளுத்தாத்தா பஞ்சத்தில் ஒரு கிண்ணம் சூப்புக்காகக் கத்தோலிக்க மதத்தை விட்டுப் புராட்டஸ்டன்டாக மாறினார் என்று பொருள். நூறு ஆண்டு கழித்தும் சம்பந்தம் பேசும்போது இது காதோடு காதாக வரும். பின்னால் பொருள் விரிந்து, காசுக்கோ பதவிக்கோ தன் கட்சியை விட்டவனையும் அப்படிச் சொன்னார்கள்.

பின்னணி என்ன? மாயோ மாவட்டத்தின் அக்கில் தீவில் எட்வர்ட் நாங்கிள் என்ற ஆங்கிலிக்கன் போதகர் 1830களிலேயே ஒரு மிஷன் குடியிருப்பு நடத்தி வந்தார். பஞ்சத்தின்போது அங்கே பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைத்தது, அதோடு சேர்த்து மிஷனின் வேதபாடமும். 1849இல் அலெக்சாண்டர் டல்லஸ் தொடங்கிய மிஷன் சங்கம் மேற்குப் பகுதியில் இதே வேலையைப் பெரிய அளவில் செய்தது. கத்தோலிக்கக் குருமார் கடுமையாக எதிர்த்தார்கள். மாறியவர்களை ஊர் ஒதுக்கியது.

ஆனால் சூப் வாங்கியவர்கள் எல்லாரும் மதம் மாறினார்கள் என்று நினைத்தால் பெரிய அநியாயம். 1847இல் அரசே சட்டம் போட்டு நாடெங்கும் இலவசக் கஞ்சித்தொட்டிகள் திறந்தது. அந்த ஆண்டு ஜூலையில் ஒரு நாளைக்கு முப்பது லட்சம் பேர் அங்கே உண்டார்கள். அதற்கு மத நிபந்தனை எதுவும் இல்லை. குவேக்கர்கள் என்ற சிறு கிறிஸ்தவப் பிரிவினர் எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் ஊற்றினார்கள். ஆங்கிலிக்கன் போதகர்களிலேயே பலர் எல்லா மதத்தவருக்கும் உதவி செய்து, காய்ச்சல் தொற்றி உயிரை விட்டார்கள். சூப்பைக் காட்டி மதம் மாற்றியது நடந்தது, ஆனால் நினைவில் இருக்கும் அளவுக்குப் பரவலாக நடக்கவில்லை என்பதே வரலாற்றாசிரியர்களின் கணிப்பு. ஒரு கிண்ணம் சூப்பில் பிள்ளையைக் காப்பாற்றிய ஒரு தாயின் பேரக்குழந்தைகள், மூன்று தலைமுறைக்கு அந்தச் சொல்லைச் சுமந்தார்கள். பழமொழி என்றாலே பாட்டியின் கனிவு என்று நினைத்துவிடுகிறோம். இந்தச் சொல்லில் அது துளியும் இல்லை.

வாயைக் காக்கச் சொல்லும் பழமொழிகளும் அங்கே ஏராளம். 'இஸ் பீன் பேல் இன ஹொஸ்ட்', மௌனமான வாய் இனிது. 'ஒருவனின் வாய் எத்தனையோ முறை அவன் மூக்கை உடைத்திருக்கிறது.' பகல் முழுக்க ஓயாமல் பேசும் மக்கள் என்று பெயர் வாங்கிய நாட்டில் இவ்வளவு மௌன உபதேசமா என்று தோன்றலாம். நிலச்சுவான்தாரின் ஏஜென்ட், போலீஸ், காட்டிக்கொடுப்பவன் என்று காது நீட்டிக்கொண்டிருந்த ஊர்களில், பிள்ளைக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது வெளியே என்ன பேசக் கூடாது என்பதைத்தான். 1960களின் இறுதியில் வட அயர்லாந்தில் கலவரம் வெடித்த பிறகு, 'என்ன சொன்னாலும் ஒன்றும் சொல்லாதே' என்ற வீட்டுப் பேச்சு மறுபடி உயிர் பெற்றது. அது சுவரொட்டிகளிலும் ஏறியது.

மறுபுறம், நல்ல சொல்லுக்கும் ஒன்று வைத்திருக்கிறார்கள்: 'நீர் வ்ரிஷ் ஃபொகல் மா ஃபீகில் ரீவ்', நல்ல வார்த்தை எந்தப் பல்லையும் உடைத்ததில்லை. ஃபொகல் சொல், ஃபீகில் பல். இரண்டும் மோனையில் கைகோத்து நிற்பதால்தான் வாக்கியம் நாக்கில் நிற்கிறது. ஐரிஷ் பழமொழிகளில் பாதி இப்படி ஓசையால் பிழைத்தவை.

அந்த ஓசையோடு அவை எப்படி ஆங்கிலத்துக்குத் தாண்டின என்பது தனிக் கதை. 1851 கணக்கெடுப்பில் ஐரிஷ் பேசியவர்கள் சுமார் 15 லட்சம், நாட்டில் நாலில் ஒருவருக்கும் குறைவு. 1831இல் தொடங்கிய அரசுப் பள்ளிகளில் பாடம் ஆங்கிலத்தில். சில ஊர்களில் பிள்ளையின் கழுத்தில் ஒரு குச்சியைக் கட்டிவிடுவார்கள். ஐரிஷ் பேசும் ஒவ்வொரு முறையும் அதில் ஒரு வெட்டு, மாலையில் வெட்டுக்கு ஏற்ப அடி. வேலைக்கும் கப்பலுக்கும் ஆங்கிலம்தான் உதவும் என்பதால் பெற்றோரே பல வீடுகளில் ஐரிஷை நிறுத்தினார்கள். மொழி போனாலும் பாட்டியின் வாக்கியங்கள் வார்த்தைக்கு வார்த்தை ஆங்கில உடை போட்டுக்கொண்டு தங்கின. 'இருவர் நடந்தால் வழி குறுகும்' அப்படித் தங்கியவற்றில் ஒன்று.

அதற்கு ஒரு கதையும் கூடவே வரும். கோபான் சேர் என்ற கைதேர்ந்த கொத்தனார், மகனோடு நெடுந்தூரம் வேலைக்குப் புறப்பட்டார். கொஞ்ச தூரம் போனதும், 'மகனே, வழியைக் குறுக்கு' என்றார். மகன் விழித்தான். இது முடியாதவனோடு போக முடியாது என்று தந்தை வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மறுநாளும் இதேதான். இரவில் மகன் மனைவியிடம் புலம்ப, அவள் சொன்னாள்: 'நாளைக்குக் கேட்டால் ஒரு கதையை ஆரம்பியுங்கள்.' வழி குறுகியது. புத்திசாலி மருமகளைத் தேடி மகனுக்குக் கட்டி வைத்ததே கோபான் சேர்தான் என்று இதற்கு முன்கதையும் உண்டு. பிரபுக்களின் கதவுக்கதையைவிட இந்தக் கதை பழமொழிக்கு நன்றாகப் பொருந்துகிறது. இரண்டையும் ஒரே வாய்கள்தான் சொல்லி வந்திருக்கின்றன.

மொழி மாறும்போது தடம் மாறியதும் உண்டு. உலகம் முழுக்கச் சுவர்ப்பலகையில் தொங்கும் அயர்லாந்து ஆசி, 'பாதை எழுந்து உன்னை எதிர்கொள்ளட்டும், காற்று எப்போதும் உன் முதுகில் வீசட்டும்' என்று போகும். ஐரிஷில் வழியனுப்பும்போது சொல்வது 'கொ நைரீ அன் போஹர் லாட்', உன் பயணம் நன்றாக அமையட்டும் என்பதுதான். அமைவதற்கும் எழுவதற்கும் அங்கே ஒரே வினைச்சொல், ஆங்கிலத்தில் எழும் பாதை பிடித்துக்கொண்டது. முழு ஆசியும் அந்த வடிவில் பிரபலமானது இருபதாம் நூற்றாண்டில், பெரும்பாலும் அமெரிக்க வாழ் ஐரிஷ் குடும்பங்களிடம். அழகான வரிகள்தான். கேட்கும் எனக்கும் பிடிக்கும். மேற்குக் கடற்கரைப் பாட்டி ஒருத்தி தன் மகனைக் கப்பலேற்றும்போது இதைச் சொல்லியிருப்பாள் என்று மட்டும் நம்ப வேண்டாம்.

பழையது போலத் தோன்றும் புதியவை அயர்லாந்துக்கு உள்ளேயும் உண்டு. 'மொழியில்லா நாடு உயிரில்லா நாடு' என்பது ஆங்கில ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட பாட்ரிக் பியர்ஸின் பெயரோடு வழங்கும் முழக்கம். 'புத்திசாலி ஆங்கிலத்தைவிட உடைந்த ஐரிஷ் மேல்' என்பதும் மொழி மீட்பு இயக்கத்தின் காற்றைச் சுவாசித்தது. ஆங்கிலத்தோடு போட்டி போட வேண்டிய நிலை வந்த பிறகுதானே ஒரு வீட்டுக்கு இப்படிச் சொல்லத் தேவை ஏற்படும்? நூறு ஆண்டு பள்ளிக்கூடச் சுவர்களில் இருந்துவிட்டால் எந்த வாக்கியமும் பழமொழியாகிவிடுகிறது, அதில் தவறு ஏதுமில்லை.

ஒரு குடும்ப வழக்கின் மூலத்தை உண்மையாகவே தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் அதற்கு ஐரிஷ் வடிவம் இருக்கிறதா, அதில் எதுகை மோனை ஒலிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் 1937 நோட்டுகளில் எந்த மாவட்டத்தில் வருகிறது என்று தேடுங்கள். சில பழமொழிகள் கெர்ரியில் ஒரு மாதிரி, டோனகாலில் வேறு மாதிரி இருக்கும். குடும்பம் வட அயர்லாந்தின் ஆறு மாவட்டங்களிலிருந்து வந்தது என்றால் அந்தப் பள்ளித் திட்டம் உதவாது, அங்கே அது நடக்கவில்லை. அதற்கு பெல்ஃபாஸ்டில் இரும்பு வார்ப்பு ஆலை நடத்திய ராபர்ட் மக்ஆடமிடம் போக வேண்டும். பிரஸ்பிட்டேரியன் என்ற புராட்டஸ்டன்ட் பிரிவுக் குடும்பத்தில் பிறந்த அவர், வியாபாரத்துக்காக வடபகுதியான அல்ஸ்டரின் ஊர்களைச் சுற்றியபோது ஐரிஷ் பேசுபவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொண்ட 600 பழமொழிகளை 1858 முதல் 1862 வரை அல்ஸ்டரின் தொல்லியல் இதழில் வெளியிட்டார். அவர் குறித்துக்கொண்ட பல ஊர்களில் இன்று ஐரிஷைத் தாய்மொழியாகப் பேசியவர்களின் கடைசித் தலைமுறையும் போய்விட்டது.